சம்பளம் எவ்வளவு என்று கேட்டது தப்பா?

மூன்று நாளாக அந்த ஸ்கிரீன்ஷாட் எல்லோர் டைம்லைனிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஒரு வேலைப் பதிவைப் பார்த்து "குட் மார்னிங் மேம், சம்பளம் எவ்ளோ மேம், ரூம் இருக்கா மேம்" என்று ஒரு பையன் கேட்டதும், அதை அப்படியே எடுத்துப் போட்டு "வேலைக்கு முன்னாடி சம்பளம் கேக்குற தலைமுறை" என்று அந்தப் பதிவைப் போட்டு ஆள் எடுக்கும் மேடம் எழுதியதும் உங்களுக்கே தெரியும். கீழே போய்ப் பார்த்தால் சிரிப்பு பொம்மை போட்டவர்களில் பாதிப் பேர் ஹெச்.ஆர்., அதாவது கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கும் வேலையில் இருப்பவர்கள். அதுதான் தாங்கவில்லை.

அந்த மேடம் முதலில் போட்ட வேலைப் பதிவைப் போய்ப் படியுங்கள். "அர்ஜென்ட் ஹைரிங். சிஎன்சி ஆபரேட்டர். லொகேஷன் சென்னை. பெஸ்ட் இன் இண்டஸ்ட்ரி சாலரி. இன்ட்ரஸ்டட் என்று கமென்ட் போடவும்." அவ்வளவுதான். சிஎன்சி என்பது உலோகத்தைக் கடைந்து வெட்டுகிற, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின். பதிவில் சம்பளம் இல்லை, ஏரியா இல்லை, ஷிஃப்ட் இல்லை, எத்தனை ஆள் என்றும் இல்லை. அதில் எது இல்லையோ அதைத்தான் அந்தப் பையன் கேட்டான். நீங்கள் எழுதியிருந்தால் அவன் ஏன் கேட்கப் போகிறான்?

சென்னை என்றால் எந்தச் சென்னை? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆள் எடுப்பவர்களும் சென்னை என்றுதான் போடுகிறார்கள், ஒரகடத்தில் எடுப்பவர்களும் சென்னை என்றுதான் போடுகிறார்கள். ஒன்று வடக்கே, மற்றது தென்மேற்கே, நடுவில் மொத்த நகரமும் கிடக்கிறது. விழுப்புரம் பக்கமிருந்து கிளம்புகிற பையன் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் இறங்குவான். ஒரகடம் என்றால் அங்கிருந்து படப்பை வழியாகப் போய்விடுவான். அம்பத்தூர் எஸ்டேட் என்றால் இன்னும் பஸ் மாற வேண்டும். கும்மிடிப்பூண்டி என்றால் அன்று இன்டர்வியூ முடித்துவிட்டு ஊர் திரும்புவதே சந்தேகம். ரூம் இருக்கா என்ற கேள்விக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு. கம்பெனி ரூம் தராவிட்டால் அட்வான்ஸ் கட்ட வேண்டும். மாதக் கடைசியில் சம்பளம் கையில் வரும்வரை சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் யாரோ வீட்டில் பணம் புரட்டித் தர வேண்டும். அவன் கேட்டது சோம்பேறித்தனமா, பொறுப்பா?

சம்பளத்தை எழுதுங்கள். இந்தப் பதிவு முழுக்க நான் இதைத்தான் சொல்லப் போகிறேன்.

எழுதுவதிலும் நேர்மையாக எழுதுங்கள். "சிடிசி 23,000" என்று போடுவது சம்பளத்தை எழுதியதாகாது. சிடிசி என்றால் ஒரு ஆளுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. மாத மொத்தச் சம்பளம் 20,000, அதில் பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டிஏவும் (அகவிலைப்படி) சேர்ந்து 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஎஃப் என்கிற வருங்கால வைப்பு நிதிக்கு அந்த 15,000-ல் 12 சதவீதம், 1,800 போகும். ஈஎஸ்ஐ என்கிற மருத்துவக் காப்பீட்டுக்கு மொத்தச் சம்பளத்தில் முக்கால் சதவீதம், 150 போகும். கையில் நிற்பது 18,050. அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி பிடிப்பது தனி. கம்பெனி தன் பங்காகக் கட்டுகிற பிஎஃப் 1,800, ஈஎஸ்ஐ மூன்றேகால் சதவீதம் 650, கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) ஒதுக்குகிற 720 சொச்சம், எல்லாவற்றையும் கூட்டினால்தான் 23,000-ஐத் தாண்டும். பையன் 23,000 என்று நினைத்து வருவான். முதல் மாதம் பேங்க் மெசேஜில் 18,050 வரும். அடுத்த மாதம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவான். அப்புறம் "பசங்க நிக்க மாட்டேங்கறாங்க" என்று இன்னொரு பதிவு போடுவீர்கள். "கையில் 18,000, பிஎஃப் ஈஎஸ்ஐ உண்டு" என்று ஒரு வரி போதும்.

வேலையையும் அப்படித்தான் எழுத வேண்டும். சிஎன்சி ஆபரேட்டர் என்று மொட்டையாகப் போட்டால் மூன்று விதமான ஆட்கள் வருவார்கள். ஜாப்பை, அதாவது கடைய வேண்டிய உலோகத் துண்டை, ஏற்றி இறக்கி பட்டன் அழுத்த மட்டும் தெரிந்தவர். மைக்ரோமீட்டரில் அளவு பார்த்து ஆஃப்செட் (அளவுத் திருத்தம்) கொடுக்கத் தெரிந்தவர். டூல் செட் பண்ணி, புரோகிராமில் திருத்தம் போடுகிற செட்டர். மூவருக்கும் சம்பளம் வேறு. டர்னிங்கா (துண்டைச் சுழற்றிக் கடைவது) விஎம்சியா (சுழலும் டூலால் வெட்டுவது), மெஷினை நடத்தும் கன்ட்ரோல் ஃபனுக் கம்பெனியுடையதா சீமென்ஸ் கம்பெனியுடையதா என்று சொல்லாவிட்டால் வருகிறவர்களில் பெரும்பாலானோர் வீணாக வந்து போவார்கள். நான் சொல்கிற பதிவு இவ்வளவுதான்:

"சிஎன்சி டர்னிங் ஆபரேட்டர், 4 பேர். ஃபனுக் கன்ட்ரோல். 1 முதல் 3 வருட அனுபவம். வெர்னியர், மைக்ரோமீட்டர் பார்க்கத் தெரிய வேண்டும். கையில் 17,000 முதல் 19,000 வரை, பிஎஃப் ஈஎஸ்ஐ உண்டு. ஓவர்டைமுக்கு இரட்டிப்பு. மூன்று ஷிஃப்ட், வாரம் மாறும். ஞாயிறு லீவு. இடம் ஒரகடம், படப்பையிலிருந்து கம்பெனி பஸ். கேன்டீனில் ஒரு வேளைச் சாப்பாடு. தங்க இடம் இல்லை. இன்டர்வியூ இந்தத் தேதி வரை. பணம் எதுவும் கட்ட வேண்டாம்."

எழுத ஐந்து நிமிடம் ஆகுமா? "தங்க இடம் இல்லை" என்பதையும் எழுத வேண்டும். இல்லாததை இல்லை என்று சொன்னால் வர முடியாதவர் பஸ் காசைச் செலவழிக்க மாட்டார்.

இதைக் கலர் கலராகப் போஸ்டர் செய்து, விஷயம் மொத்தத்தையும் படத்துக்குள் வைத்துவிடாதீர்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. நம்பரை நேராக அழுத்தி கால் பண்ணுவது கஷ்டம். கண் தெரியாதவர்களின் போன் அதைச் சரியாக வாசித்துச் சொல்லும் என்று நம்ப முடியாது. போஸ்டர் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், கீழே எழுத்திலும் போடுங்கள். போஸ்டருக்குள் தேதி இருக்கட்டும். இதை எத்தனை முறை சொல்லியும் யாரும் கேட்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் 15 நிமிடத்துக்கு மேல் திருத்த முடியாது. இரண்டரை நாள் போனால் எல்லோருக்குமாக அழிக்கவும் முடியாது. அதற்குள் நாலு குரூப் தாண்டிப் போனதை எதுவுமே செய்ய முடியாது. ஆள் எடுத்து முடித்த வேலைக்குத் தேதி இல்லாத போஸ்டரைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வருஷம் யாரோ ஒருவர் உங்கள் கேட்டில் வந்து செக்யூரிட்டியிடம் திட்டு வாங்குவார். முகநூலிலும் லிங்க்ட்இன்னிலும் அந்தக் கஷ்டம்கூட இல்லை. ஆள் கிடைத்ததும் முதல் வரியில் "இடம் நிரம்பிவிட்டது" என்று திருத்திவிடலாம். எத்தனை பேர் திருத்துகிறார்கள்?

அடுத்து அந்த "இன்ட்ரஸ்டட்" கமென்ட். ஏன் கேட்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கமென்ட் கூடினால் பதிவு இன்னும் நிறையப் பேருக்குப் போகும். உங்களுக்கு ரீச். அவனுக்கு என்ன? அவசரத்தில் பெயர், நம்பர், மெயில், சில பேர் ரெஸ்யூம் லிங்க்கையே பொதுவில் போட்டுவிடுகிறார்கள். அந்த நம்பர்களை வரிசையாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க ஒரு கூட்டம் இருக்கிறது. உங்கள் கம்பெனி லோகோவை வாட்ஸ்அப் படமாக வைத்துக்கொண்டு, ஒரு ஜிமெயில் ஐடியிலிருந்து ஆஃபர் லெட்டர் அனுப்பி, ரெஜிஸ்ட்ரேஷனுக்கு 1,500, யூனிஃபார்முக்கு 2,000, லேப்டாப் டெபாசிட் 5,000 என்று படிப்படியாகக் கறப்பார்கள். பணம் போனவன் உங்கள் கம்பெனி பெயரைத்தான் சொல்லித் திட்டுவான். இந்த மாதிரி ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வீட்டில் சொல்லாமல் இருக்க வேண்டாம். உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள், சைபர் கிரைம் இணையதளத்திலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு.

ஆள் எடுப்பவர் செய்ய வேண்டியது, வேலைக்கென்று தனி நம்பர் ஒன்று, அதில் வாட்ஸ்அப் பிசினஸ் என்கிற, வியாபாரத்துக்கான ஆப். முதல் மெசேஜ் வந்ததும் சம்பளம், இடம், ஷிஃப்ட் தானாகப் போய்ச் சேரும்படி ஒருமுறை எழுதி வைத்துவிடலாம். வந்தவர்களை லேபிள் போட்டுப் பிரிக்கலாம். இல்லையென்றால் ஒரு கூகுள் ஃபார்ம். பெயர், போன் நம்பர், இப்போது இருக்கும் ஏரியா, என்ன மெஷினில் எத்தனை வருடம், எப்போது சேர முடியும். இந்த ஐந்தே கேள்வி. முதல் படியிலேயே ஆதார், போட்டோ, அப்பா தொழில் எதற்கு? டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே வந்துவிட்டது. வாங்கி வைத்தால் பத்திரமாக வைத்திருக்க வேண்டிய பொறுப்பும் உங்கள் தலையில்தான்.

"சம்பளத்தை எழுதினால் போட்டிக் கம்பெனிக்குத் தெரிந்துவிடும்" என்று வருவார்கள். ஏற்கெனவே தெரியும். ஒரகடத்தில் எந்தக் கம்பெனி என்ன தருகிறது என்பது அங்கே டீக்கடையில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். தெரியாதது வெளியூர்ப் பையனுக்கு மட்டும்தான்.

"அனுபவத்தைப் பொறுத்துச் சம்பளம் மாறும்" என்பீர்கள். மாறட்டும். 17,000-லிருந்து 19,000 வரை என்று எழுதுங்கள். 12,000-லிருந்து 35,000 வரை என்று எழுதினால் அதுவும் எழுதாததுதான்.

"பழைய ஆட்கள் பார்த்தால் சண்டைக்கு வருவார்கள்." இதை மட்டும் யோசித்துவிட்டுச் சொல்லுங்கள். அஞ்சு வருஷமாக உழைக்கிறவருக்குப் புது ஆளைவிடக் குறைவாகக் கொடுக்கிறீர்கள், அது வெளியே தெரிந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயத்துக்கு விழுப்புரத்துப் பையன் ஏன் பஸ் காசு கொடுக்க வேண்டும்?

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போகிறார்கள், ஆஃபர் வாங்கிக்கொண்டு போனை எடுப்பதில்லை என்று சொல்வதை மறுக்க மாட்டேன். அது நடக்கிறது. ஜாயினிங் தேதியன்று மெஷின் முன்னால் ஆள் இல்லாமல் நின்றால் சூப்பர்வைசர் யாரைப் பிடிப்பார் என்பதும் தெரியும். வர முடியாதென்றால் தம்பிகளே, ஒரு வரி மெசேஜ் போட்டுவிடுங்கள். ஆனால் அதையும் இதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். இன்டர்வியூ முடிந்து ரிசல்ட்டே சொல்லாமல் விட்ட எத்தனை பேருக்கு நீங்கள் ஒரு வரி போட்டீர்கள்?

சரியான இடத்தில் போடாததும் ஒரு காரணம். ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழி தெரிந்தவரை லிங்க்ட்இன்னில் தேடலாம். டர்னிங் ஆபரேட்டர் அங்கே இல்லை. அவர் அம்பத்தூர், கிண்டி அரசு ஐடிஐயில் உடன் படித்தவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறார், ஊர் முகநூல் குழுவில் இருக்கிறார். தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்தில் பதிவது இரண்டு பக்கத்துக்கும் இலவசம். அங்கேயும் போடுங்கள்.

சம்பளம் கேட்காதே, ஊர் கேட்காதே, கேட்டால் சிரிப்போம் என்று பழக்கினால் என்ன ஆகும் தெரியுமா? 2022 செப்டம்பரில் வெளியுறவுத் துறையே எச்சரிக்கை விட்டது. தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று சமூக ஊடக விளம்பரத்தையும் ஏஜென்ட்களையும் நம்பிப் போனவர்களை எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோய் அடைத்து வைத்து, மோசடி வேலை செய்ய வைத்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் மாட்டினார்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும், சேவைக் கட்டணம் 30,000-மும் ஜிஎஸ்டியும் தாண்டக் கூடாது. இதையெல்லாம் கேள் என்று சொல்லித்தர வேண்டிய இடத்தில் இருக்கிறவர்கள் நாம். கம்பெனி பெயர் என்ன, எந்த ஊர், எவ்வளவு சம்பளம், தங்க எங்கே என்று கேட்கிற பிள்ளை தப்பித்துக்கொள்வான். அப்படிக் கேட்டவனைத்தான் நடுத்தெருவில் நிறுத்திவிட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரெஸ்யூமில் கிடைக்காததை முகநூலில் தேடுகிற பழக்கம். பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது, ஊர்த் திருவிழா பேனரில் யார் படம், எந்தக் கட்சிக் கொடி, எந்தக் கோயில், எந்த சர்ச் என்று பார்த்துவிட்டு "செட் ஆகாது" என்று ஒதுக்குகிறார்கள். மைக்ரோமீட்டர் பார்க்கத் தெரியுமா என்பதற்கு அந்தப் பேனரில் என்ன பதில் இருக்கிறது? "பெண்கள் மட்டும், 25 வயதுக்குள், பார்க்க லட்சணமாக" என்று ரிசப்ஷன் வேலைக்குப் பதிவு போடுகிறார்கள். ஆள் எடுப்பதில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று 1976 சம ஊதியச் சட்டமே சொன்னது, அதற்குப் பின் வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் சொல்கிறது. அமெரிக்காவில் வேலை விளம்பரத்தை வயது பார்த்து, ஆண் பெண் பார்த்துக் காட்டும் வசதியை முகநூல் 2019-ல் எடுக்க வேண்டி வந்தது, வழக்குப் போட்டதால். இங்கே நாம் வெளிப்படையாகவே எழுதி, ஷேர் பண்ணச் சொல்கிறோம்.

அந்த ஸ்கிரீன்ஷாட்டில் எனக்கு ரொம்ப வலித்தது ஒன்று உண்டு. சாலரி என்ற சொல்லை அவன் ஆங்கிலத்தில் தப்பாக எழுதியிருந்தான். அதற்கு ஒரு சிவப்பு வட்டம். டர்னிங் மெஷினுக்கு ஸ்பெல்லிங் வேண்டாம் மேடம். ஒரு நல்ல ஆபரேட்டர் இரண்டு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு, வித்தியாசத்தை டயலில் பார்த்துப் பிடிப்பார். அவருக்குத் தமிழில் எழுதுங்கள், தமிழில் பதில் வரும். "மேம்" என்று மூன்று முறை போட்டு மரியாதையாகக் கேட்டவனை வட்டம் போட்டுக் காட்டி நாலாயிரம் பேரைச் சிரிக்க வைத்தீர்கள். நம்பரை மறைத்ததாக நினைத்திருக்கிறீர்கள், கடைசி நாலு எண்ணும் அவன் முகப்படமும் அப்படியே தெரிகிறது. அவன் ஊர்க்காரர்களுக்கு அது போதும்.

அதை எடுத்துவிடுங்கள். அந்தப் பையனுக்குத் தனியாக ஒரு மெசேஜ் போட்டு, சம்பளம் இவ்வளவு, இடம் இது, ரூம் இல்லை என்று சொல்லுங்கள். வருவதா வேண்டாமா என்று அவன் முடிவு செய்துகொள்வான்.

இதை எழுதி முடிக்கும்போது மறுபடி போய்ப் பார்த்தேன். வேலைப் பதிவு அப்படியே இருக்கிறது. கீழே இன்ட்ரஸ்டட், இன்ட்ரஸ்டட் என்று இன்னும் நம்பர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சம்பளம் இன்னும் எழுதவில்லை.