ஒரே கேள்வித்தாள் இருந்தால் போதுமா?
‘ஒரே கேள்வித்தாள் என்பதால் எல்லாரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள்’ என்று, மருத்துவப் படிப்பில் சேருவதற்கான நீட் தேர்வைப் பற்றிய கட்டுரை ஒன்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நாங்கள் பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிற குடும்பம். அரசுப் பள்ளியில் படித்த என் மகள் முதல் முறை நீட் எழுதியபோது, தெரியாத கேள்விக்கும் எதையாவது குறித்து வைத்தாள். தப்பான விடைக்கு 1 மதிப்பெண் போகும், எதை விடுவது என்று பழக்கிவிட ஆளில்லை. அடுத்த வருசம் நாமக்கல்லில் விடுதியோடு பயிற்சி, அதற்காகத் தறி ஒன்றை விற்றோம். மதிப்பெண் ஏறியதற்கு அந்தப் பணம்தான் காரணம். அதற்காக, அந்தக் கட்டுரைக்குப் பதில் எழுதிய ஒருவர் சொல்வதுபோல, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து மருத்துவ இடம் கொடுத்த பழைய முறையே நியாயம் என்றும் சொல்ல மாட்டேன். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வருசமும் பன்னிரண்டையே உருப்போட வைத்த விடுதிப் பள்ளிகளை இந்தப் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறோம். மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கென்று 2020-இல் தமிழ்நாட்டில் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடுதான் எங்களைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் வழி விட்டது.