அவங்க உங்க ஸ்டாஃப் இல்லண்ணே

நேத்து ராத்திரியில இருந்து அந்த ஸ்க்ரீன்ஷாட்ட நாலு பேரு எனக்கே அனுப்பிட்டாங்க. பாத்துட்டேன், போதும், இனி அனுப்பாதீங்க. பேரு சொல்ல மாட்டேன், நம்ம லிஸ்ட்ல பாதிப் பேருக்கு அவரு பழக்கம்தான், எனக்கும் அண்ணன் மொறைதான். ஆனா பைத்தான்ங்கிற ப்ரோக்ராமிங் மொழியோட பக் ட்ராக்கர்ல, அதாவது கோளாறு இருந்தா எழுதிப் போடுற எடத்துல போயி, வேலவெட்டி இல்லாதவங்க ஓடிட்டிருக்கிறத ஒடைக்கிறீங்க, இன்னிக்குள்ள திருப்பி வைங்க, எங்க க்ளையன்ட் காத்துட்டிருக்கான்னு எழுதிட்டு, அத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து என்னமோ கப்பு வாங்குன மாதிரி தன் சோஷியல் மீடியா வால்ல வேற மாட்டி, கீழ நூத்துக்கணக்குல ஹார்ட்டு. "செம்ம அண்ணே", "தெறி அண்ணே". எனக்குத்தான் தெறிச்சுருச்சு.

நடந்தது இவ்வளவுதான். அண்ணன் பைத்தான் 3.12 வெர்ஷனுக்கு மாறுனாரு, டிஸ்ட்யூட்டில்ஸ்னு, எழுதுன ப்ரோக்ராம பேக் பண்ணி இன்ஸ்டால் பண்ண உதவுற பழைய மாட்யூல் காணோம்னு பில்ட் படுத்துருச்சு. சரி, எரிச்சல் வரும், எனக்கும் வரும். ஆனா அது ராத்திரியோட ராத்திரியா தூக்குனதா? 2020லயே இத எடுக்கப்போறோம்னு பெப் 632ன்னு ஒண்ணு (பெப்னா பைத்தான்ல மாத்தம் பண்றதுக்கான முன்மொழிவு) எழுதி எல்லாரு முன்னாடியும் வச்சாச்சு. 2021 அக்டோபர்ல 3.10 வந்ததுல இருந்து இம்போர்ட் பண்ணும்போதே எச்சரிக்கை வந்துட்டே இருந்துச்சு. 2023 அக்டோபர்லதான் எடுத்தாங்க. ரெண்டு முழு வருஷம்ணே. என் வீட்டு ஓனரு காலி பண்ணச் சொல்லி ஒரு மாசம்தான் டைம் குடுத்தாரு.

எச்சரிக்கைய யாரும் பாக்கலையான்னா, பாத்தோம். நான் உட்பட. முன்னாடி இருந்த ஆபீஸ்ல லாக் முழுக்க அந்த வார்னிங்கா வந்து கொட்டும். க்ளையன்ட் பாத்தா பயந்துருவான், மறைச்சிருன்னாங்க. நானே ஒரு வரி போட்டு மறைச்சேன். ஒழுங்கா வாயத் தொறந்து சொல்லியிருக்கணும், சொல்லல. அதனால நான் யோக்கியன்னு சொல்லிட்டு இங்க வரல. ஆனா மறைச்சது நாமன்னு தெரிஞ்சுக்கிட்டே அவங்களத் திட்டுற தைரியம் எனக்கு வரலண்ணே.

அவங்கன்னா யாரு? இதத்தான் முதல்ல பேசணும். பைத்தான்னா ஒரு கம்பெனி, ஏசி ரூம், நூறு பேரு உக்காந்து வேல பாக்குறாங்க, கஸ்டமர் கேர் இருக்குன்னு நெனப்பு. 1989 கிறிஸ்துமஸ் லீவுல நெதர்லாந்துல கைடோ வான் ராஸம்னு ஒருத்தரு பொழுதுபோக்கா ஆரம்பிச்சு, 1991ல வெளிய விட்டது. அவருக்கு "ஆயுசு பூரா அன்பான சர்வாதிகாரி"ன்னு கிண்டலா ஒரு பட்டம், கடைசி முடிவு அவரோடது. அந்த மனுசன் 2018ல என்ன பண்ணாரு? கோலனும் ஈக்வலும் சேத்து ஒரு குறி, வால்ரஸ்னு செல்லமா சொல்வாங்க, அதச் சேக்கலாமா வேணாமான்னு மாசக்கணக்கா சண்டை. ஏத்துக்கிட்டாரு. ஏத்துக்கிட்ட கையோட பொறுப்ப விட்டு எறங்கிட்டாரு. ஒரு பெப்புக்காக இவ்வளவு மல்லுக்கட்டி, கடைசில இத்தன பேரு என் முடிவ வெறுக்கிறத இனிமே பாக்க முடியாதுங்கிற மாதிரி எழுதிட்டுப் போனாரு. இருபத்தேழு வருஷத்துக்கு மேல. ரெண்டு குறிக்காக. நான் அத அன்னிக்கே படிச்சேன், மனசு என்னமோ பண்ணுச்சு.

அதுக்கப்புறம் அஞ்சு பேரு ஸ்டீரிங் கவுன்சில். கோர் டெவலப்பர்கள், அதாவது பைத்தான் கோட்ல நேரடியா கை வைக்க உரிமை உள்ளவங்க, ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்குறாங்க, ஒரே கம்பெனில இருந்து ரெண்டு பேருக்கு மேல உக்கார முடியாது. பெரிய மாத்தம்னா யாராவது பெப் எழுதணும், எல்லாரும் அதப் பிச்சு மேயணும், அப்புறம் கவுன்சில் சொல்லணும். வருஷத்துக்கு ஒரு வெர்ஷன், அக்டோபர் வாக்குல, ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு வருஷம் செக்யூரிட்டி பேட்ச். இதுல பெரும்பாலானவங்க வேற எடத்துல வேல பாத்துட்டு, புள்ளைங்களத் தூங்க வச்சுட்டு வந்து பண்றவங்க. அவங்க உங்க ஸ்டாஃப் இல்லண்ணே.

உடனே ஒருத்தர் வருவாரு, "கூகுள் மைக்ரோசாஃப்ட்லாம் காசு குடுக்குதே"ன்னு. குடுக்குது, சில பேருக்கு. 3.11 வேகமாச்சே, சராசரியா 25 சதவீதம், அதுல மைக்ரோசாஃப்ட் சம்பளம் குடுத்த டீமுக்குப் பெரிய பங்கு உண்டு. 2025 மே மாசம் ஆள் குறைச்சப்போ அந்த டீம்லயே ஆளுங்களத் தூக்கிட்டாங்க. அவ்வளவுதான் கம்பெனிக் காசு. இருக்கிற வரைக்கும் இருக்கும்.

"பழச ஏன் எடுக்கணும், ஓரமா கெடக்கட்டுமே?" கெடக்காதுண்ணே. டிஸ்ட்யூட்டில்ஸ் 2000ல உள்ள வந்தது. அதுல ஒரு பக் வந்தா யாரோ பாக்கணும், புது கம்பைலர் வந்தா யாரோ சரிபண்ணணும். அந்த யாரோ யாரு, நீங்களா?

"அவங்களும் சில நேரம் மூஞ்சில அடிச்ச மாதிரி பேசுறாங்க"ன்னா, பேசுறாங்கதான். அத இன்னொரு நாள் பேசிக்கலாம்.

நான் ஒருதடவ டாக்குமெண்டேஷன்ல ஒரு தப்பு பாத்துட்டுத் திருத்தி அனுப்பினேன். நாலு வரி. ஒரு மாசம் சத்தமே இல்ல. மூணு மாசம் இல்ல. எனக்கு இங்க உள்ளுக்குள்ள கொதிக்குது, என்ன திமிருன்னு. அப்புறம்தான் க்யூவப் போயி பாத்தேன், என்னோடது மாதிரி திருத்தி அனுப்புன புல் ரிக்வெஸ்ட் ஆயிரத்துக்கு மேல தொறந்து கெடக்கு. என்னோடது ஒரு ஞாயித்துக்கெழம மெர்ஜ் ஆகி உள்ள சேந்துச்சு, கூடவே தாமதத்துக்கு மன்னிச்சுக்கங்கன்னு ஒரு வரி. மன்னிப்பு! எனக்கு! ஓசில சாப்புட்டு எந்திரிச்சவன்கிட்ட சமைச்சவன் மன்னிப்புக் கேக்குறான்.

இன்னொண்ணு, தமிழ்ல வேல பாக்குறவங்களுக்கு மட்டும் சொல்றேன். பழைய பைத்தான் 2ல "கி"ன்னு சும்மா கொட்டேஷன்ல போட்டு நீளம் கேட்டா 6ன்னு சொல்லும், எழுத்த எண்ணாம பைட்ட, அதாவது மெமரில எடுத்துக்கிற எடத்த எண்ணும். எத்தன ராத்திரி யூனிகோட் எரரோட கட்டிப் பொரண்டிருக்கோம். பைத்தான் 3 வந்தப்புறம் நீளம் 2ன்னு சொல்லுது, ககரம் ஒண்ணு, கொக்கி ஒண்ணு. வேரியபிளுக்கு அம்மான்னு தமிழ்லயே பேரு வைக்கலாம். அந்த மாத்தத்துக்கு ஒலகமே அவங்களக் காறித் துப்புச்சு. 2008ல 3 வந்துச்சு, 2ஐ 2015ல நிறுத்துறோம்னாங்க, யாரும் நகரலன்னு 2020 வரைக்கும் ரெண்டையும் தூக்கிச் சொமந்தாங்க. ஒடைச்சதாலதான் நம்ம எழுத்து ஒழுங்கா நின்னுச்சு. ஒடைக்காதன்னு சொல்றவங்க அத யோசிச்சீங்களா?

எங்க ஊரு கண்மாய்ல பெரியப்பா மடை பாத்தாரு. கூலி பேருக்குத்தான், அறுப்புக்கு ரெண்டு மரக்கா நெல்லு. தண்ணி ஒழுங்கா வந்தா அவர யாருன்னே கேக்க மாட்டாங்க. ஒரு நாள் கடைமடைக்கு வரலன்னா மட்டும் வீட்டு வாசல்ல வந்து நின்னு அவரோட ஆத்தாவ இழுப்பாங்க. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, மம்பட்டிய எடுத்துட்டுப் போயிருவாரு. அவருக்கப்புறம் அந்த வேலைக்கு யாரும் வரல. இப்ப கண்மாய் முழுக்க கருவேலம்தான்.

எங்கயோ ஆரம்பிச்சு எங்கயோ வந்துட்டேன், தெரியுது. நெசமா என்ன வலின்னா, நானும் ஒரு சின்ன டூல் எழுதிப் பொதுவுல விட்டிருக்கேன், பழைய எழுத்துருவுல இருக்கிறத யூனிகோடுக்கு மாத்துறது, நூறு பேரு பயன்படுத்துனாலே அதிகம். அதுக்கே போன மாசம் ஒருத்தரு "அர்ஜென்ட், என்ன தூங்குறீங்களா"ன்னு மெயில். ஆமா, தூங்கிட்டுத்தான் இருந்தேன், மணி ரெண்டு. அந்த மெயில எழுதுனவரும் நேத்து அந்தப் பதிவுக்கு ஹார்ட்டு விட்டவங்க லிஸ்ட்ல இருந்தாரு.

அண்ணே, நான் சண்டைக்கு வரல. பிப்ல (பைத்தான் பேக்கேஜ இறக்கிப் போடுற கருவி) செட்அப்டூல்ஸ்ங்கிற பேக்கேஜ இன்ஸ்டால் பண்ணா போதும், டிஸ்ட்யூட்டில்ஸோட காப்பி அதுக்குள்ள இருக்கு, உங்க பில்ட் ஓடிரும்னு நேத்தே இன்பாக்ஸ்ல சொன்னேன். காலைல "ம், ஓடுது"ன்னு பதில் வந்துச்சு.

பதிவு இன்னும் அப்படியே இருக்கு.