திருத்தச் சொன்னோம், கிழித்துவிட்டார்கள்

பாடப்புத்தகத்தில் முகலாயருக்கு எத்தனை பக்கம், சோழருக்கு எத்தனை பக்கம் என்று நாலு நாளாக எல்லோரும் மல்லுக்கட்டுகிறீர்கள். சரி, கட்டுங்கள். நாகர்கோவில்காரனான எனக்கு இதில் வேறொரு கடுப்பு.

என் பாட்டா திருவிதாங்கூர் காலத்தில் படித்தவர். அவருக்கு வரலாறு என்றால் மகாராஜாக்கள்தான், அதிலும் 1741-ல் குளச்சலில் டச்சுக்காரனை மடக்கிய மார்த்தாண்டவர்மா. 1956 நவம்பர் 1-ல் நாங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் சேர்ந்தோம், நான் சேர சோழ பாண்டியர் படித்தேன். பஸ் ஏறினால் வந்துவிடுகிற குளச்சலைப் பற்றி எந்த வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை. மேலாடை போடும் உரிமைக்காக எங்கள் ஊரில் நடந்த தோள்சீலைப் போராட்டத்தை பாட்டாவுக்கும் சொல்லித்தரவில்லை, எனக்கும் சொல்லித்தரவில்லை.

அப்புறம் 2006-ல், சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கிற என்சிஇஆர்டி ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில், ஆடையின் வரலாறு என்ற பாடத்துக்குள் அது வந்தது. மேலாடை போட்டதற்காக 1822-ல் நம்மூர் நாடார் பெண்கள் தாக்கப்பட்டது, 1859-ல் அரசர் அறிவிப்பு விட்டது எல்லாம். அந்த அறிவிப்பு என்ன சொன்னது தெரியுமா? ரவிக்கை போட்டுக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது!

2012-ல் பிரச்சினை கிளம்பியது. நாடார்கள் வெளியூரிலிருந்து நாயர் நிலக்கிழார்களிடம் வேலை செய்யப் பிழைக்க வந்தவர்கள் என்கிற தொனியில் எழுதியிருக்கிறார்கள் என்று கட்சி பேதமில்லாமல் எதிர்ப்பு. எனக்கும் அதைப் படித்தபோது சுருக்கென்றது, பொய் சொல்லவில்லை. அகஸ்தீஸ்வரம் பக்கம் நிலமும் அதிகாரமுமாக இருந்த நாடான்கள் கதை தெரிந்தவர் யாராவது உட்கார்ந்து நாலு வரியைச் சரிசெய்திருந்தால் தீர்ந்தது. செய்யவில்லை. 2016 டிசம்பரில் சிபிஎஸ்இ, அந்தப் பகுதியிலிருந்து இனி கேள்வி வராது என்று பள்ளிகளுக்குச் சொல்லிவிட்டது. 2019-ல் பிள்ளைகளுக்குச் சுமை குறைக்கிறோம் என்று முழுப் பாடத்தையும் தூக்கிவிட்டார்கள், கூடவே கிரிக்கெட் பாடமும் விவசாயிகள் பாடமும் போச்சு. சண்டை போட்ட நம்மாட்களும் ஜெயித்துவிட்டோம் என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாநிலப் பாடத்திட்டப் பத்தாம் வகுப்பில், இதே மண்ணில் சாதிக் கொடுமையை எதிர்த்த வைகுண்ட சுவாமிகள் இருக்கிறார், அந்த மட்டுக்கும் நல்லது. என் மகள் படித்தது சிபிஎஸ்இ.

2023 மார்ச் 6, தோள்சீலைப் போராட்டத்தின் 200-வது ஆண்டுக்கு தமிழ்நாடு, கேரளா இரண்டு மாநில முதலமைச்சர்களும் நாகர்கோவிலுக்கு வந்த அன்றைக்கு, ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "எதுக்குப்பா இவ்வளவு போலீஸ்?" என்றாள். அப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. டிராஃபிக்கில் நின்றபடியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"ரவிக்கை போட ராஜா ஆர்டர் போடணுமா?"

ஆமா என்றேன். பாதி ஆர்டர்தான் என்பதைச் சொல்வதற்குள் பின்னாலிருந்த வேன்காரன் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டான்.