சான்றிதழ் வேறு, உரிமம் வேறு

‘சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் பயிற்சியை முடித்தால் மன அதிர்ச்சிக்குச் சிகிச்சையளிக்கும் உரிமம் கிடைத்துவிடும்’ என்று இணையத்தில் ஒருவர் எழுத, பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். அது சரியல்ல என்பதைப் பணிவுடன் சொல்லிக்கொள்கிறேன்.

உடலின் உணர்வுகளைக் கவனிப்பதன் வழியே மன அதிர்ச்சியை அணுகுவது சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங். அமெரிக்கரான பீட்டர் லெவின் உருவாக்கிய இந்த முறைக்கான பயிற்சி வழக்கமாக 3 ஆண்டுகள் நடக்கிறது. லேசான படிப்பு இல்லை. எதிரே இருப்பவர் பேசப் பேசத் தோள்கள் மெல்ல உயர்வதையும், மூச்சு மேல்நெஞ்சிலேயே நின்றுவிடுவதையும் கவனிக்கப் பழக வேண்டும். கற்பவர் தாமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சில அமர்வுகளைப் பெற்றாக வேண்டும். (பலருக்குக் கடினமாக இருப்பது இதுதான்.) ஆனால் முடிவில் கைக்கு வருவது பயிற்சிச் சான்றிதழ் மட்டுமே. ஆலோசகர்களோடு மசாஜ் தொழிலில் இருப்பவர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் இதில் சேர்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட் படித்து முடித்த பிறகும் பிசியோதெரபிஸ்டுதான். கற்றதைத் தம் தொழிலின் எல்லைக்குள்தான் அவர் பயன்படுத்தலாம்.

யாரும் இதைச் சரிபார்க்கலாம். பயிற்சி நிறுவனத்தின் இணையதளத்தில், சான்றிதழ் எதற்குத் தகுதி தருகிறது என்ற பகுதியைப் படியுங்கள். இந்தியாவில் ஒருவர் தம்மை மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொண்டால், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவில் அதற்கான வரையறை இருக்கிறது. மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்யும் அமைப்பான இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் அவருக்குப் பதிவு எண் உண்டா என்று கேட்டு, குழுமத்தின் பதிவேட்டில் தேடிப் பாருங்கள்.