பின்னேர ஷிஃப்டில் ஆள் போடுங்கள்

மறதிநோயாளர்களைப் பராமரிக்கும் ஊழியர்களின் மன அழுத்தத்துக்கு யோகா, மூச்சுப் பயிற்சி என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரையை எழுதியவர் வழி சொல்கிறார். மெல்பேர்னில் முதியோர் இல்லமொன்றின் மறதிநோய் (டிமென்ஷியா) பிரிவில் வேலை செய்கிறேன். எங்களுக்கும் யோகா வகுப்பு வைத்தார்கள், ஷிஃப்ட் நேரத்தில்! யார் போவது?

நாலு மணிக்குப் பிறகுதான் எங்களுக்குப் பாடு. ஒருவர் வீட்டுக்குப் போகவேணும் என்று கதவை இழுப்பார். இன்னொரு அம்மா பள்ளிக்கூடம் விட்டு வரும் மகனைத் தேடுவார். மகனுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு, பேச்சை மாற்றி, நடைபாதையில் இரண்டு சுற்று நடந்தால் அடங்கிவிடுவார். ஆனால் அதே நேரம் நாலு பேருக்குச் சாப்பாடு தீத்த வேண்டும். என்ன செய்யவேண்டும் என்று தெரிந்தும் செய்யமுடியாமல் போவதுதான் மனதை அரிக்கிறது. அவர்களிடம் வாங்கும் அடியும் கீறலும்கூட அதற்கு அடுத்தபடிதான்.

முதியோர் பராமரிப்பை விசாரித்த அரச ஆணைக்குழுவின் 2021 அறிக்கைக்குப் பிறகு ஆஸ்திரேலியாவில் சட்டம் மாறியது உண்மை. ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரி 200 நிமிடப் பராமரிப்பு என்பது 2023 ஒக்டோபரில் கட்டாயமானது. அடுத்த ஒக்டோபரில் 215 ஆனது. சம்பளமும் 15 வீதம் கூடியது. நல்லது, மறுக்கவில்லை. ஆனால் அந்த நிமிடங்கள் முழு இல்லத்துக்கும், முழு நாளுக்கும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு. மாலை ஐந்து மணிக்கு டிமென்ஷியா பிரிவில் எத்தனை பேர் நிற்கவேண்டும் என்று அது சொல்லாது.

இன்னொன்று: வருடக்கணக்கில் குளிப்பாட்டி, தலைவாரி விட்டவர் இறந்தால் எங்களுக்கும் துக்கம் உண்டு. கட்டிலுக்குக் கெதியில் புது ஆள் வந்துவிடுவார். இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே?