லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டு நழுவிவிடாதீர்கள்

அப்பாவின் மடிக்கணினி 2016-இல் வாங்கியது. இன்டெல்லின் ஆறாம் தலைமுறை ஐ3 சிப், 4 ஜிபி ராம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டுமாம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டுமாம். திரையும் விசைப்பலகையும் புதுசு போல இருக்கும் கணினியைப் பழைய சாமான்காரரிடம் போட எனக்கு மனசு வரவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக, இலவச இயங்குதளமான லினக்ஸைப் போட்டேன்: லினக்ஸ் மின்ட் 22, பழைய கணினிக்கும் பாரமில்லாத எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு.

போடுவது பெரிய வேலையில்லை. நிறுவுவதற்கு முன்னால் லினக்ஸைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, ஸ்பீக்கர், பிரிண்டர் மூன்றையும் பார்த்துக்கொண்டேன். கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துவைத்த பிறகுதான் வட்டை அழித்தேன். (இதில் மட்டும் அவசரமே கூடாது. அழித்தால் அழித்ததுதான்.) அப்படியே எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பு வட்டுக்கும் மாற்றினேன். வேகம் கூடியதில் பாதிப் பெருமை அதற்குத்தான்.

சோதனை மறுநாள் வந்தது. அப்பா தன் பழைய கடிதங்களைத் திறந்தால் எல்லாம் கன்னாபின்னாவென்று ஆங்கில எழுத்துகள். "இத்தனை வருசமா எழுதினது எல்லாம் போச்சாடா?" என்றார். குரல் கம்மியிருந்தது. ஒன்றும் போகவில்லை. அவை பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும். புதிதாகப் போட்ட லினக்ஸில் அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். எடுத்துவைத்ததிலிருந்து அதைத் தேடி நிறுவியதும் தமிழ் வந்துவிட்டது. இனி தமிழில் தட்டச்சு செய்ய, ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளில் தமிழ்99 விசைப்பலகை அமைப்பையும் சேர்த்துக் கொடுத்தேன். அன்று நான் பக்கத்தில் இல்லாதிருந்தால், லினக்ஸ் தன் கடிதங்களைத் தின்றுவிட்டது என்றே அவர் கடைசிவரை நம்பியிருப்பார்.

"லினக்ஸ் கஷ்டம்" என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. கோபமெல்லாம் ஒரு மணி நேரத்தில் போட்டுக் கொடுத்துவிட்டு நழுவும் நம்மைப் போன்றவர்கள் மேல்தான். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் வந்தது. எனக்குத் தெரிந்த பிள்ளைகள் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை, சொல்லித்தர ஆளில்லை. கேரளத்து அரசுப் பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே லினக்ஸ் இன்றும் பாடத்தோடு ஓடுகிறது.

டாலி என்ற கணக்கு மென்பொருளை நம்பித் தொழில் செய்பவர்கள் விண்டோஸிலேயே இருக்கட்டும், அவர்களை நான் இழுக்க மாட்டேன். இணையம், கடிதம், படம், பாட்டு, இவ்வளவுதான் வேலை என்றால், கணினியை எடைக்குப் போடுவதற்கு முன்னால் எனக்கொரு செய்தி அனுப்புங்கள். பென்டிரைவோடு வருகிறேன். ஒரு மாதத்துக்கு ஞாயிறுதோறும் வந்து கூட உட்கார்ந்து சொல்லியும் தருகிறேன்.