செத்த பவளத்தையும் எடுத்து வரக் கூடாது

லட்சத்தீவின் அகத்தி தீவுக்குப் போகும் பெங்களூர்க்காரர்கள் கரையொதுங்கிய பவளத் துண்டுகளை மீன் தொட்டிக்காக எடுத்து வரலாம், அது செத்ததுதான், சட்டம் உயிருள்ள பவளத்துக்கு மட்டும் என்று ஒருவர் இணையத்தில் எழுதியிருக்கிறார். பலர் அதையே பகிர்ந்தும் இருக்கிறார்கள்.

அன்போடு சொல்கிறேன், அது சரியில்லை. பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி யானைக்கு நிகராக, இருக்கின்றன. பவளம் கல்லும் இல்லை, செடியும் இல்லை, விலங்கு. செத்துக் கிடக்கும் காட்டுயிரும் அரசின் சொத்து என்று அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு சொல்கிறது. எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம்.

யாரும் சரிபார்க்கலாம். மத்திய அரசின் 'இந்தியா கோட்' இணையதளத்தில் சட்டம் முழுதும் இலவசமாக இருக்கிறது. 39ஆம் பிரிவில் 'இறந்து காணப்பட்ட' என்ற பொருள் தரும் சொற்களைப் பாருங்கள், பிறகு முதல் அட்டவணையில் பவளத்தைத் தேடுங்கள். 2022 திருத்தத்தையும் சேர்த்த பிரதியா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்குப் பெரிய கவலை அபராதம் இல்லை. லட்சத்தீவின் 36 தீவுகளும் சேர்ந்து சுமார் 32 சதுர கிலோமீட்டர்தான். அந்த நிலமே உடைந்த பவளமும் பவள மணலும் குவிந்து உண்டானது. கரையில் கிடக்கும் அந்தத் துண்டுகள்தான் அலை அரித்துப் போகும் கரையை மறுபடி நிரப்புகின்றன. ஏற்கெனவே பை நிறைய எடுத்து வைத்திருப்பவர்கள், விமானம் ஏறும் முன் அங்குள்ள வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.